நீருண்ணியின் புதிய சிற்றினத்தை விவரித்து எழுதும் முறை

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடை ஒன்றில், நீர் சலசலத்து ஓடும் இடமாகப் பார்த்துக் கைவலையை நிறுத்தி, வலைக்கு மேற்புறத்துக் கற்களைக் காலால் கிளறிவிட்டு, வலையில் சேர்ந்ததை வெள்ளைத் தட்டில் கொட்டி இரண்டு நிமிடம் ஆடாமல் வைத்திருங்கள். மணலும் சருகும் அடியில் படிந்த பிறகு, கடுகில் பாதிகூட இல்லாத ஒரு புள்ளி தட்டின் குறுக்கே நகரத் தொடங்கும். பூச்சி என்றால் ஆறு கால், இதற்கு எட்டு. இதுதான் நீருண்ணி. மாட்டின் காதில் ஒட்டும் உண்ணிக்கும் செடியைத் தாக்கும் சிலந்திப்பேனுக்கும் இது உறவு. ஆனால் வளர்ந்தபின் இரத்தமும் குடிப்பதில்லை, சாறும் உறிஞ்சுவதில்லை. பூச்சிகளின் முட்டையையும் சிறு புழுக்களையும் வேட்டையாடித் தின்னும். உலகில் இதுவரை ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நீருண்ணிச் சிற்றினங்களுக்குப் பெயர் வைக்கப்பட்டுள்ளது. பெயர் பெறாதவை இன்னும் ஏராளம் இருப்பதால், நம் மலைகளில் முறையாகத் தேடுகிறவருக்குப் புதியது ஒன்று கிடைப்பது அரிதல்ல. கிடைத்ததை எப்படி எழுதி நிலைநாட்டுவது என்பதையே இங்கே சொல்கிறேன். எடுத்துக்காட்டுக்கு, வேகமான நீரில் கற்களைப் பற்றி வாழும் ‘டோரண்டிகோலா’ என்னும் பேரினத்தை எடுத்துக்கொள்கிறேன். 1896இல் பியர்சிக் என்னும் ஆய்வாளர் நிறுவிய இந்தப் பேரினத்தின் உடல் ஓடுபோலக் கடினமான தகடுகளால் மூடப்பட்டிருப்பதால், அளக்கவும் வரையவும் கற்றுக்கொள்பவருக்கு இதுவே ஏற்றது.

ஓடைக்குப் போவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. காப்புக்காட்டுக்குள் இருக்கும் ஓடை என்றால் வனத்துறையின் எழுத்துமூல அனுமதி வேண்டும். கிடைத்த மாதிரியை வெளிநாட்டு அறிஞருக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், சென்னையில் தலைமையகம் கொண்ட தேசிய பல்லுயிர் ஆணையத்தின் விதிகளை முதலிலேயே படித்துக்கொள்ளுங்கள். ஆய்வு முடிந்தபின் அனுமதியைத் தேடி அலைந்து, கட்டுரையை இரண்டு ஆண்டு பெட்டியில் பூட்டி வைத்தவர்களை நான் அறிவேன்.

சேகரிப்பும் பதப்படுத்தலும்

வலைக்கண் 250 மைக்ரான் அளவில் இருந்தால் போதும். தட்டிலிருந்து உண்ணிகளைச் சொட்டுக்குழாயால் உயிரோடு எடுப்பதே நல்லது. சேற்றோடு சேர்த்து மொத்தமாகச் சாராயத்தில் போட்டுவிட்டு ஆய்வகத்தில் தேடிக்கொள்ளலாம் என்று நினைத்தால், அசையாத உண்ணியையும் மணற்துகளையும் பிரித்தறிய முடியாமல் கண் பூத்துப்போகும். உயிரோடு இருக்கும்போதே நிறத்தைப் படம் எடுத்துவிடுங்கள். சிவப்பும் நீலமும் மஞ்சளும் கலந்த அந்த வண்ணங்கள் பதத்திரவத்தில் நாளடைவில் மங்கிவிடும். முதுகுத்தகட்டின் நிறக்கோலம் பின்னால் ஒப்பிடும்போது உதவக்கூடிய அடையாளம்.

பதத்திரவத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். நீருண்ணி ஆய்வாளர்கள் நெடுங்காலமாகக் கையாள்வது கோனிக்கே திரவம். அதன் எளிய வடிவம் ஐந்து பங்கு கிளிசரின், நான்கு பங்கு நீர், ஒரு பங்கு கிளேசியல் அசிட்டிக் அமிலம். இதில் கிடக்கும் உண்ணியின் மூட்டுகள் பல ஆண்டுகளுக்குப் பிறகும் நெகிழ்வாக இருக்கும். ஊசியால் தொட்டால் கால் மடங்கும். எத்தனாலில் இட்டது மொறமொறப்பாகி, பிரிக்கும்போது ஒடிந்துவிடும். ஆனால் கோனிக்கே திரவத்தின் அமிலம் டிஎன்ஏவைச் சிதைத்துவிடும். ஆகவே ஒரே இடத்தில் கிடைத்தவற்றில் பெரும்பகுதியைக் கோனிக்கேயிலும், நான்கைந்தை 96 சதவீத எத்தனாலிலும் இடுங்கள். எந்தக் குப்பியானாலும் பென்சிலால் எழுதிய சீட்டு உள்ளேயே இருக்க வேண்டும்: ஓடையின் பெயர், அருகிலுள்ள ஊர், ஆள்கூறுகள், கடல்மட்டத்திலிருந்து உயரம், நாள், எடுத்தவர் பெயர். குப்பிக்கு வெளியே பேனாவால் எழுதிய எழுத்து முதல் துளி எத்தனாலிலேயே கரைந்து போகும்.

புதியது தானா?

இந்தக் கேள்விக்கு விடை ஓடையில் இல்லை, மேசையில்தான் இருக்கிறது. ஒரு சிற்றினம் புதியது என்பது, இதுவரை விவரிக்கப்பட்ட எதனோடும் அது பொருந்தவில்லை என்று காட்டுவதே. எனவே வேலையின் பெரும்பகுதி பழையதைப் படிப்பதில் கழியும். இந்தியாவைப் பொறுத்தவரை, டேவிட் குக் 1967இல் வெளியிட்ட இந்திய நீருண்ணிகள் பற்றிய ஆய்வே அடித்தளம். அதற்கு முந்தைய வால்ட்டர், லுண்ட்பிளாட், வீட்ஸ் ஆகியோரின் விவரிப்புகள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில் உள்ளன. அகராதியை வைத்துக்கொண்டாவது அவற்றைப் படித்தாக வேண்டும். சுருக்கங்களை மட்டும் நம்பி எழுதியவர்கள் பழைய சிற்றினத்துக்கே புதுப்பெயர் சூட்டிப் பின்னர் அது இணைப்பெயராகத் தள்ளப்பட்டதைப் பார்த்திருக்கிறார்கள். தேடலை இந்திய எல்லைக்குள் நிறுத்திவிடவும் கூடாது. ஓடைக்கு நாட்டு எல்லை தெரியாது; இலங்கை, மியான்மர், தாய்லாந்து, இந்தோனேசியப் பதிவுகளையும் பார்க்க வேண்டும்.

ஐயம் நீடித்தால் பழைய வகைமாதிரியையே, அதாவது பெயர் வைத்தபோது அதற்குச் சான்றாக ஒதுக்கி வைத்த உடலையே, பார்ப்பதுதான் வழி. வீட்ஸின் தொகுப்பு ஃபிராங்க்ஃபர்ட்டின் சென்கன்பெர்க் அருங்காட்சியகத்தில் உள்ளது. கண்ணாடித்தகட்டின் படங்களைக் கேட்டுப் பணிவாக ஒரு மின்னஞ்சல் எழுதுவதில் இழப்பு ஒன்றும் இல்லை. எந்த உறுப்பு எந்தக் கோணத்தில் வேண்டும் என்று துல்லியமாகக் கேட்டால் வேலை எளிதாகும்.

இன்னொரு கண்ணியும் உண்டு. நீருண்ணியின் வாழ்க்கைச் சுற்றில் ஆறு கால் கொண்ட இளவுயிரி பூச்சிகளின் உடலில் ஒட்டுண்ணியாக வாழும்; அதன்பின் அசைவற்ற ஓய்வுநிலை, எட்டுக்காலோடு வேட்டையாடும் இளம்பருவம், மீண்டும் ஓர் ஓய்வுநிலை, பிறகே முதிர்ச்சி. இந்த இளம்பருவம் முதிர்ந்ததைப் போலவே நடமாடும். ஆனால் அதற்குப் பிறப்புறுப்புத் திறப்பு இருக்காது. அதை ‘சிறிய புதுச்சிற்றினம்’ என்று எழுதிவிடாதீர்கள். அதேபோல, அண்மையில் தோலுரித்த முதிர்ந்த உண்ணியின் தகடுகள் சிறுத்தும், வயதானதன் தகடுகள் ஓரங்களில் விரிந்து கடினப்பட்டும் இருக்கும். இது வயதின் வேறுபாடு, சிற்றினத்தின் வேறுபாடு அல்ல.

ஒரே ஒரு பெண் உண்ணியை வைத்துப் புதுச்சிற்றினம் எழுதலாமா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. சட்டப்படி எழுதலாம். என் கருத்து, கூடாது என்பதே. டோரண்டிகோலாவில் ஆணின் பிறப்புறுப்புப் பகுதி நீண்டு ஒடுங்கியும் பெண்ணினுடையது குட்டையாகவும் அகன்றும் இருக்கும். இரு பாலும் தெரியாமல் ஒப்பீடு நொண்டும். குளங்களில் வாழும் அர்ரெனூரஸ் பேரினத்தில் நிலைமை இன்னும் மோசம். ஆண்களுக்குச் சிற்றினத்துக்குச் சிற்றினம் விசித்திரமான வால் அமைப்பு இருக்கும், பெண்களோ ஒன்றைப் போலவே மற்றொன்று. அடுத்த மழைக்காலம் முடிந்து அதே ஓடைக்குத் திரும்பிப் போவது, அரைகுறையாக எழுதி ஐம்பது ஆண்டுக்கு மற்றவர்களைக் குழப்புவதைவிட மேலானது.

பிரித்தலும் கண்ணாடித்தகட்டில் பதித்தலும்

கோனிக்கேயிலிருந்து எடுத்த உண்ணியை நீரில் கழுவி, முதுகுத்தகட்டுக்கும் வயிற்றுத்தகட்டுக்கும் இடைப்பட்ட மெல்லிய தோலில் நுண்ணிய ஊசியால் ஒரு துளை இடுங்கள். பின்னர் லாக்டிக் அமிலத்திலோ, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடிலோ, உள்தசை கரைந்து உடல் கண்ணாடிபோலத் தெளியும்வரை வைக்கவும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் வைத்துவிட்டு உணவுக்குப் போகாதீர்கள். திரும்பி வரும்போது தகடுகள் தனித்தனியே மிதக்கும். தெளிந்தபின் முதுகுத்தகட்டைப் பெட்டியின் மூடியைப் போல உயர்த்திப் பிரிக்கவும். அடுத்து வாய்ப்பகுதியை முழுதாக வெளியே இழுத்து, அதன் இரு பக்கமும் உள்ள ‘பால்ப்’ என்னும் ஐந்து கணு கொண்ட உறுப்புகளைக் கழற்றவும். ஒன்றை உட்புறம் மேலே தெரியுமாறும் மற்றதை வெளிப்புறம் தெரியுமாறும் கிடத்தினால் இரு பக்கத்து மயிர்களையும் எண்ணலாம். ஆணாக இருந்தால், பிறப்புறுப்புத் திறப்புக்கு உள்ளே இருக்கும் விந்து வெளியேற்றும் அமைப்பையும் எடுத்துத் தனியாக வைக்க வேண்டும். முள்ளும் கிளையுமாகச் சிக்கலாக இருக்கும் அந்தச் சிறு எலும்புக்கூடு, நெருங்கிய சிற்றினங்களைப் பிரிக்கும் சான்றாகப் பலமுறை அமையும்.

பதிக்க கிளிசரின் ஜெல்லியே என் தேர்வு. சூடாக்கி மீண்டும் திறக்கலாம் என்பது அதன் பெரிய வசதி. கிளிசரினும் நீரும் கலந்தது என்பதால் விளிம்பை அடைக்காவிட்டால் ஆண்டுகள் செல்லச்செல்ல ஓரத்திலிருந்து வறண்டு குமிழ் விடும். நகப்பூச்சு அல்லது வார்னிஷ் கொண்டு இரண்டு சுற்று அடைக்க வேண்டும். உடலையும் கால்களையும் ஒரு மூடுகண்ணாடியின் கீழும், வாய்ப்பகுதியையும் பால்ப்பையும் வேறொரு மூடுகண்ணாடியின் கீழும் ஒரே கண்ணாடித்தகட்டில் வையுங்கள். உடலின் பக்கத்தில் இரண்டு கண்ணாடிச் சில்லுகளை முட்டுக் கொடுத்தால் மேல் கண்ணாடி நசுக்காது. ஒருமுறை, முதன்மை வகைமாதிரியாகத் தேர்ந்தெடுத்து வைத்திருந்த ஆணின் பால்ப் ஊசிநுனியிலிருந்து துள்ளி எங்கோ போய்விட்டது. மேசையை இரண்டு மணி நேரம் உருப்பெருக்கியால் துழாவியும் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து, பிரிக்கும் முன்பே முழு உடலையும் இரு புறமும் படம் எடுத்து, பிரிப்பதைக் கிளிசரின் துளிக்குள்ளேயே செய்கிறேன். பிசுபிசுப்பு துள்ளலைத் தடுக்கிறது.

டிஎன்ஏ எடுக்கப்போகும் உண்ணியை அரைக்கத் தேவையில்லை. புரோட்டினேஸ் கே நொதியில் முழுதாக ஊறவைத்துக் கரைசலை எடுத்துக்கொண்டால், எஞ்சும் கூட்டை வழக்கம்போலத் தகட்டில் பதிக்கலாம். எந்த உடலிலிருந்து மரபுத்தொடர் கிடைத்ததோ அதே உடல் தகட்டில் இருப்பது பெரிய பலம். பொதுவாகப் படிக்கப்படுவது, விலங்குச் சிற்றினங்களைப் பிரித்தறியப் பயன்படும் சிஓஐ மரபணுவின் 658 கார இணைகள் நீளமுள்ள பகுதி. அதை ஜென்பேங்க், போல்டு ஆகிய மரபுத்தொடர்த் தரவுதளங்களில் பதிவுசெய்து, எண்ணைக் கட்டுரையில் கொடுங்கள். ஆனால் தொடர் வேறுபடுகிறது என்பதை மட்டும் வைத்துச் சிற்றினம் அமைக்காதீர்கள். ஒப்பிட வேண்டிய பழைய சிற்றினங்களில் பலவற்றுக்கு இன்னும் தொடரே இல்லை; அவை வடிவத்தால் மட்டுமே அறியப்பட்டவை.

அளவும் படமும்

அளவுகளை மைக்ரோமீட்டரில் கொடுப்பது வழக்கம். நுண்ணோக்கியின் அளவுகோலை ஒவ்வொரு வில்லைக்கும் தனித்தனியே சரிபார்க்க வேண்டும். மென்பொருள் காட்டும் எண்ணைச் சரிபார்க்காமல் எடுத்துக்கொண்டால், எல்லா அளவுகளும் ஒரே விகிதத்தில் தவறியிருப்பதை அச்சான பிறகுதான் உணர்வீர்கள். முதுகுத்தகட்டின் நீள அகலம், அதன் முன்னோரத்தில் தனியே நிற்கும் நான்கு சிறுதகடுகளின் நீள அகலம், வாய்ப்பகுதி பொருந்தும் குழியின் நீளம், காலடித்தகடுகளின் நடுப்பொருத்துக்கோட்டின் நீளம், பிறப்புறுப்புப் பகுதியின் அளவு, அதில் கிண்ணம்போல் அமைந்த ஆறு இணை அசிடாபுலாக்களின் அளவு, பால்ப்பின் ஐந்து கணுக்கள் ஒவ்வொன்றின் மேல்விளிம்பு நீளமும் உயரமும், முதல் காலிலும் நான்காம் காலிலும் உள்ள ஆறு கணுக்களின் நீளம் ஆகியவை டோரண்டிகோலாவுக்கு இன்றியமையாதவை. எங்கிருந்து எங்குவரை அளந்தீர்கள் என்பதை எழுதாவிட்டால் எண்ணுக்குப் பொருளில்லை. முதன்மை வகைமாதிரியின் அளவை முதலிலும், மற்றவற்றின் சிறும பெரும அளவுகளை அடுத்து அடைப்புக்குறிக்குள்ளும் தருவது ஒப்பிடுவோருக்கு வசதி. நீளத்தைவிட விகிதங்களுக்கு மதிப்புக் கொடுங்கள். உணவு குறைந்த ஓடையில் வளர்ந்தது சிறுத்திருக்கலாம். ஆனால் பால்ப்பின் இரண்டாம் கணுவுக்கும் நான்காம் கணுவுக்கும் உள்ள விகிதம் அவ்வளவு எளிதில் மாறாது.

ஒளிப்படம் இருக்கும்போது கோட்டுப்படம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஒளிப்படம் ஒரு தளத்தை மட்டுமே கூர்மையாகக் காட்டும். கோட்டுப்படம், நீங்கள் குவியத்தை மேலும் கீழும் திருகிப் பார்த்த அனைத்தையும் ஒரே தாளில் நிறுத்துகிறது. பார்ப்பதைத் தாளின்மேல் தெரியவைக்கும் வரைகுழாய் பொருத்திய நுண்ணோக்கியில் பென்சிலால் வரைந்து, பின்பு கணினியில் கோடிடலாம். உள்ள மயிரை விடாதீர்கள், இல்லாத மயிரைச் சமச்சீருக்காகச் சேர்க்காதீர்கள். உருப்பெருக்க எண்ணை எழுதாமல் அளவுக்கோட்டையே படத்தில் இடுங்கள். அச்சில் படத்தைச் சுருக்கினாலும் கோடும் சேர்ந்து சுருங்கும்.

எழுத்து

விவரிப்புக் கட்டுரையில் எல்லாப் பகுதிகளும் ஒரே எடை கொண்டவை அல்ல. உறுப்புறுப்பாகச் செல்லும் நீண்ட விவரிப்பை, ஐயம் வரும்போது மட்டுமே ஒருவர் திறப்பார். எல்லோரும் படிப்பது வேறுபடுத்திக் காட்டும் பகுதியை. 1930க்குப் பிறகு வெளியான எந்தப் பெயரும், அந்த உயிரை மற்றவற்றிலிருந்து பிரித்தறியும் பண்புகளைச் சொல்லால் கூறியிருந்தால்தான் செல்லும் என்பது விலங்குப் பெயரிடல் விதித்தொகுப்பின் பதின்மூன்றாம் பிரிவு. படம் மட்டும் போதாது. இந்தப் பகுதியில், மிக நெருங்கிய இரண்டு மூன்று சிற்றினங்களைப் பெயர்சொல்லி, ஒவ்வொன்றிலிருந்தும் உங்களுடையது எப்படி வேறுபடுகிறது என்பதை எதிரெதிராக வையுங்கள். ‘பால்ப் சற்று தடித்தது’ என்பது பயனற்ற வாக்கியம். ‘இரண்டாம் கணுவின் கீழ்நுனியில் கூம்பு வடிவ முனைப்பு உண்டு, அந்தச் சிற்றினத்தில் அவ்விடம் மழுங்கலாக உள்ளது’ என்றால், உங்கள் தகட்டை ஒருபோதும் பார்க்க வாய்ப்பில்லாத ஒருவர்கூடத் தன் கையிலுள்ளதை முடிவுசெய்துகொள்ள முடியும்.

முதன்மை வகைமாதிரியான ‘ஹோலோடைப்’ ஒன்றே ஒன்றுதான். 1999க்குப் பிந்தைய பெயர்களுக்கு அதை வெளிப்படையாகக் குறிப்பிடுவதும், எந்தத் தொகுப்பில் வைக்கப்படுகிறது என்று எழுதுவதும் கட்டாயம். உறுப்புகள் குறைவின்றி உள்ள ஆணையே தேர்ந்தெடுங்கள். மற்றவை ‘பாராடைப்’ ஆகும். அவற்றை ஒரே இடத்தில் குவிக்காமல் இரண்டு அருங்காட்சியகங்களுக்காவது பிரித்துக் கொடுத்தால், தீயோ வெள்ளமோ வந்தாலும் ஒன்று தப்பும்.

பெயர் வைப்பதில் தமிழ் அறிந்தவருக்கு ஒரு தனிச்சிக்கல் உண்டு. பெயர் எந்த மொழியிலிருந்தும் வரலாம். ஆனால் இலத்தீன் எழுத்துகளால், மேற்குறிகள் எதுவும் இல்லாமல் எழுதப்பட வேண்டும். குறிஞ்சி, சோலை, அருவி என்று வைக்க விரும்பினால் ஞ, ழ, ள, ற ஆகியவற்றை எப்படிப் பெயர்ப்பது என்பதை முதலிலேயே முடிவுசெய்யுங்கள். முதலில் அச்சான எழுத்துக்கூட்டலே பொதுவாக நிலைக்கும். பிறகு மனம் மாறி ‘இப்படி எழுதியிருந்தால் ஒலிப்புச் சரியாக இருந்திருக்கும்’ என்று திருத்த முடியாது. தமிழ்ச்சொல்லைப் பெயர்ச்சொல்லாகவே வைத்தால் அது பேரினத்தின் பாலுக்கேற்ப மாறாது. இலத்தீன் பெயரடையாக வைத்தால் மாறும்: டோரண்டிகோலா பெண்பாலாக வழங்குவதால் ‘எலிப்டிகா’ என்று வருகிறது, ‘எலிப்டிகஸ்’ அல்ல. ஆளின் பெயரால் வைத்தால், ஆணுக்கும் பெண்ணுக்கும் பலருக்கும் வேறுவேறு விகுதி. தன் பெயரையே வைத்துக்கொள்வதை விதி தடுக்கவில்லை. துறையில் உள்ளவர்கள் சிரிப்பார்கள், அவ்வளவுதான். போர்ட்டோ ரிக்கோவுக்கு அருகே மோனா நீரிணையில் கிடைத்த கடல்வாழ் நீருண்ணிக்கு 2014இல், ஆய்வின்போது கேட்டுக்கொண்டிருந்த பாடல்களுக்கு நன்றியாகப் பாடகி ஜெனிபர் லோபஸின் பெயரால் ‘லிட்டராக்னா லோபெசே’ என்று வைத்தார்கள். எனக்கு அதில் குறையொன்றும் தோன்றவில்லை. விகுதி சரியாகப் பெண்பாலில் இருக்கிறது. எந்தப் பெயரானாலும், அதே பேரினத்தில் வேறொருவர் முன்பே வைத்ததாக இருக்கக் கூடாது.

வெளியீடு

மின்னிதழில் மட்டும் வெளிவரும் கட்டுரைக்கு, பெயரிடல் விதித்தொகுப்புக்கு 2012இல் வந்த திருத்தத்தின்படி மூன்று நிபந்தனைகள் முக்கியம்: கட்டுரை, விலங்குப் பெயர்களுக்கான ஜூபேங்க் இணையப் பதிவேட்டில் வெளியீட்டுக்கு முன்பே பதிவாகியிருக்க வேண்டும், பதிவானதற்கான சான்று கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும், வெளியான நாளும் அதில் குறிக்கப்பட வேண்டும். 2001இல் தொடங்கிய ஜூடாக்ஸா, 1959 முதல் வரும் அகரோலோஜியா போன்ற இதழ்களின் பதிப்பாளர்கள் இதை அறிவார்கள். ஆனால் பணம் வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் வெளியிடும் இதழ்களுக்கு இது தெரியாது. அவற்றில் வந்த பெயர் செல்லுபடியாகாமல் போகலாம்.

கட்டுரை வெளியாகும்வரை பெயரை வெளியே சொல்லாதீர்கள். கருத்தரங்கில் பங்கேற்போருக்குத் தரும் சுருக்கத்தில் அச்சிட்டால் அது வெளியீடாகக் கொள்ளப்படாது. விவரிப்பில்லாமல் பெயர் மட்டும் வேறெங்காவது அச்சானால், அது செல்லாத வெற்றுப்பெயராக ஒவ்வொரு பட்டியலிலும் தொற்றிக்கொண்டு வரும். செய்தியாளரை அழைப்பதும் குழுக்களில் பகிர்வதும் கட்டுரை வெளியான மறுநாள் வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒரு சட்டக்கடமை. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின் 39ஆம் பிரிவுப்படி, இந்தியாவில் புதிய உயிரினம் ஒன்றைக் கண்டறிந்தவர் அதை அரசு நியமித்த களஞ்சியத்துக்குத் தெரிவித்து, மாதிரியை அங்கே ஒப்படைக்க வேண்டும். விலங்குகளைப் பொறுத்தவரை அது 1916இல் தொடங்கப்பட்ட இந்திய விலங்கியல் ஆய்வகம். கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட அதற்குச் சென்னையிலும் மண்டல மையம் உண்டு. தகடுகளைக் கொடுத்து அவர்கள் தரும் பதிவெண்ணைப் பெற்று, அச்சுப்படியில் திருத்தம் செய்யும்போது அந்த எண்ணைச் சேர்த்துவிடுங்கள். ஒப்படைக்கும்போது தகட்டைப் படுக்கைவசமாகக் கொண்டு செல்ல வேண்டும். நிறுத்தி வைத்தால், கோடையில் ஜெல்லி இளகி உண்ணி மூடுகண்ணாடியின் ஓரத்துக்கு வழுக்கிப் போய்விடும்.